"வெளியே போனா எங்கே தங்குவே, தம்பி?"

வழக்கில் பிடிபட்ட சிறாரை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு வரும் பையன்களிடம் எல்லாரும் கேட்பது "ஏன்டா இப்படிச் செஞ்சே?" என்றுதான். இங்கே ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) வந்த புதிதில் நானும் அதையே கேட்டேன். ஒருவனும் மனம்விட்டுப் பதில் சொன்னதில்லை. இப்போது முதலில் கேட்பது, "வெளியே போனா எங்கே தங்குவே, தம்பி? யாரைப் பார்த்தா பயம்?"

செல்போன் பறித்துப் பிடிபட்டவன் ஒருவன், வயது 16. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இடுப்பில் கத்தி இருந்ததால் எல்லாரும் அவனை ரவுடியாகவே பார்த்தார்கள். மூன்றாம் நாள்தான் வாய் திறந்தான். "வீட்டுக்குப் போற வழியில அவனுங்க நிப்பானுங்க அக்கா." ஏரியா அண்ணன் ஒருவர் கொடுத்தனுப்பிய கஞ்சாப் பொட்டலத்தைத் தொலைத்துவிட்டான். பணத்தைக் கட்டச் சொல்லித் தினமும் அடி. பணத்துக்காகப் பறித்தது செல்போன். அடிக்குப் பயந்து வைத்திருந்தது கத்தி. அவனிடம் போய் ஒழுக்கத்தைப் பற்றி என்ன பேசுவது?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி சிறாருக்கு ஜாமீன் தருவதுதான் பொது விதி. வெளியே போனால் அவனுக்கே ஆபத்து என்றால் மறுக்கலாம். இந்தக் காரணத்தைச் சொல்லிப் பிள்ளைகளை உள்ளேயே வைப்பது எனக்கு உடன்பாடில்லை. தகுதியான ஒருவரின் பொறுப்பில் விடவும் அதே சட்டம் வழி தருகிறதே!

அவன் சம்மதத்தோடு, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விசாரித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையின் வீடு, சூழல் பற்றி அவர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையில் வழக்கமாக 'கூடா நட்பு' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இந்த முறை எந்தத் தெரு, எந்த நேரம், யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதினார். பொட்டலம் சுமக்க வைத்த அந்த ஏரியா அண்ணனுக்குச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு என்பதையும், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் வைத்தோம். பையன் வேறு ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனான். முதல் மாதம் முழுக்க அத்தையே பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து அவனைக் கூட்டிப்போனார்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை பிடிபட்டால் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கும் போடக் கூடாது. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. அப்புறம், பிள்ளையை யாராவது மிரட்டுவது தெரிந்தால், வழக்கு பெரிதாகிவிடுமோ என்று மறைக்காதீர்கள். முதல் நாளே நன்னடத்தை அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். அவன் எங்கே தங்கலாம் என்று தேட எங்களுக்கும் கொஞ்சம் நாள் வேண்டும்.