விரிசல் மேல் தகடு வைக்கும் முன்

மலைத் தோட்டங்களுக்கு ஓடும் பிக்கப் வண்டிகள் பட்டறைக்கு வந்தால், கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, கிராக் விட்டிருச்சு. நல்ல கனமான பிளேட்டா வச்சு ஒட்டி விட்டுடுங்க." போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறும் வண்டி என்றால் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். கனமான தகடு வைத்தால் வண்டி பலமாகிவிடும் என்ற நம்பிக்கை அது. அப்படி வெல்டிங் வைத்து ஒட்டிய வண்டிகள் அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்பி வருவதையும் பார்க்கிறோம். ஒட்டிய இடம் கெட்டியாக இருக்கும், தகடு முடிகிற ஓரத்தில் புது விரிசல் ஓடியிருக்கும்.

பொலேரோ பிக்கப், யோதா, டி-மேக்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் ஏணி மாதிரி ஒரு சேஸிஸ் இருக்கிறது. அதன் மேல் கேபினும் லோட் பாடி என்கிற சரக்குத் தொட்டியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்ச் சக்கரம் பாறை மேலும் நிற்கும்போது சேஸிஸ் முறுக்கிக் கொடுக்கிறது. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பதே அதற்காகத்தான். அந்த இடைவெளியில் ஆங்கிள் வைத்து இரண்டையும் சேர்த்து ஒட்டச் சொல்கிறவர்களும் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முறுக்கு எங்காவது போயாக வேண்டும். ஒரு இடத்தை அசையவிடாமல் கட்டினால் மொத்த அசைவும் அதற்குப் பக்கத்து இடத்தில் போய்ச் சேரும், அங்கே இரும்பு களைத்துப்போய் விரியும்.

அதனால் விரிசல் ஏன் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வண்டியை ஏற்றி, அடிப்பாகத்தைப் பிரஷர் வாட்டரில் நன்றாகக் கழுவுங்கள். சேஸிஸ் உள்ளே அடைந்திருக்கும் சேற்றைக் கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். அப்புறம் கேபின் மவுண்ட் ரப்பர்களை, அதாவது கேபின் சேஸிஸில் உட்காரும் இடத்து ரப்பர்களைப் பாருங்கள். நசுங்கி, வெடித்து, இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். லோட் பாடியைச் சேஸிஸோடு கட்டும் யூ-போல்ட் தளர்ந்திருக்கிறதா, சுமைக்காக ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் சேர்த்திருக்கிறார்களா, ஷாக் அப்சார்பர் செத்துவிட்டதா என்று வரிசையாகப் பாருங்கள். கூடுதல் பிளேட் போட்ட வண்டி காலியாக இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்காது. ஒவ்வொரு குழியின் அடியும் நேராக ஸ்பிரிங் பிராக்கெட்டில் விழும். விரிசல் அதிகம் தென்படுகிற இடங்களில் அந்தப் பிராக்கெட்டைச் சுற்றிய பகுதியும் ஒன்று.

ஒட்டுவதற்கு முன் சேஸிஸ் நேராக இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். பெரிய கருவி வேண்டியதில்லை. சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் சேஸிஸ் கோணியிருக்கிறது. அதை நிமிர்த்தாமல் ஒட்டினால் கோணலை நிரந்தரமாக்கி விடுவீர்கள்.

இனி விரிசல். கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு அது முடிவதில்லை. பெயின்டைச் சுரண்டி, டை பெனட்ரன்ட் என்று கடையில் கிடைக்கும் சிவப்பு ஸ்பிரேயை அடித்து, சற்று ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசலின் நுனி சிவப்புக் கோடாக எழுந்து வரும். அந்த நுனியில் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை ஒரு ஓட்டை போட வேண்டும். கூர்மையான நுனியில்தான் இழுவிசை குவிகிறது, வட்டமான ஓட்டை அதைப் பரப்பிவிடும். பிறகு விரிசலை 'வி' வடிவில் தோண்டி, வேர் வரைக்கும் உருகிப் பிடிக்கிற மாதிரி ஒட்டி, மட்டமாகத் தேய்க்க வேண்டும். தோண்டாமல் மேலே மட்டும் ஒரு வரி இழுத்தால், உள்ளே விரிசல் அப்படியே உயிரோடு இருக்கும். சேஸிஸுக்கு ஆர்க் வெல்டிங் என்றால் ஈரமில்லாத 7018 ரக வெல்டிங் ராடு நல்லது. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கேபின் தகரத்துக்கு ஆர்க் வேண்டாம், ஓட்டை விழும். அதற்கு, கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டுக் கம்பியால் ஒட்டும் சிஓடூ வெல்டிங்தான், அதுவும் ஒரே மூச்சில் இழுக்காமல் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்து.

வலுவூட்டும் தகடு அவசியம் என்றால் வைக்கலாம், ஆனால் அதன் வடிவம் முக்கியம். சதுரமாக வெட்டி நான்கு பக்கமும் ஒட்டுவது தப்பு. இரண்டு முனையும் கூம்பிப் போகிற வைர வடிவில் வெட்டி, மூலைகளை உருட்டி, விரிசலைத் தாண்டி நன்றாக நீளவிட வேண்டும். கனம் சேஸிஸின் கனத்தை மிஞ்சக் கூடாது. சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் இழுக்கவோ ஓட்டை போடவோ கூடாது. அதிக இழுவிசையைத் தாங்குவது அந்த விளிம்புகள்தான்.

தொட்டித் தரைக்கு 6 மில்லிமீட்டர் பிளேட் போடக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அது ஒரு சதுர மீட்டருக்கே சுமார் 47 கிலோ வரும். தரை முழுக்கப் போட்டால் அவ்வளவு எடையையும் சரக்கிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஓவர்லோடில் ஓட வேண்டும். நெளிந்த இடத்தில் அடியில் குறுக்குச் சட்டம் சேர்ப்பது எடையும் குறைவு, பலமும் அதிகம். திறந்த சி வடிவச் சேஸிஸ் என்றால், யூ-போல்ட் முறுக்கும்போது விளிம்பு உள்ளே மடங்காதபடி சி-க்குள் ஒரு முட்டு வைத்துத்தான் இறுக்க வேண்டும். இதைப் பல இடங்களில் செய்வதே இல்லை.

வேலை நடக்கும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவையும் உண்டு. பேட்டரி கழற்றப்பட்டதா? கழற்றாவிட்டால் வெல்டிங் கரண்ட், புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகளில் இருக்கும் இசியுவை, அதாவது இன்ஜினை இயக்கும் கணினியைக் கெடுக்கலாம்; அதன் விலை உங்களுக்கே தெரியும். எர்த் கிளாம்ப் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டப்பட்டதா? தூரத்தில் எங்கோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். டீசல் டேங்கும் பிரேக் குழாயும் மூடி மறைக்கப்பட்டனவா? தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா?

ஒட்டுகிறவரின் உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துத்தநாகம் பூசிய தகரத்தை அப்படியே ஒட்டினால், இரும்பு உருகுவதற்கு வெகுமுன்பே, 907 டிகிரி செல்சியஸில், துத்தநாகம் கொதித்துப் புகையாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளில் காலகாலமாக உள்ள பேச்சு. நுரையீரலுக்குப் போன புகையைப் பால் ஒன்றும் செய்யாது. பூச்சைத் தேய்த்து எடுப்பது, காற்றோட்டம், சரியான மாஸ்க், இவைதான் வழி. மூச்சுத் திணறல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஒட்டி முடித்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளியே துத்தநாக பிரைமர் அடித்தால் போதாது, மூடிய பெட்டி வடிவப் பாகங்களுக்குள் நீளக்குழல் விட்டு மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும். தண்ணீர் வடியும் ஓட்டைகளை வெல்டிங்கோ பெயின்டோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம், அது ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கிறது.

முன்னால் கனமான பம்பர் கார்டு மாட்டுவதை வலுவூட்டல் என்று நினைக்காதீர்கள். மோதலில் நசுங்கி அடியை வாங்க வேண்டிய பகுதியைத் தாண்டி, அடி நேராகச் சேஸிஸுக்குப் போகும். ஏர்பேக் உள்ள வண்டியில் சென்சாரும் குழம்பலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைக் காட்டி, இந்தக் கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதமே எழுதியது.

மேடு பள்ளத்தை மறைக்கும் பட்டிப் பசை பூசிப் பெயின்ட் அடிப்பதற்கு முன், ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் வெறும் இரும்பாக இருக்கும்போதே நேரில் பாருங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பழைய வண்டி வாங்கும்போது சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தகரத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பதும் இதனால்தான். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது. வேலை முடிந்த வண்டியில் முதல் லோடு இறக்கியதும் யூ-போல்ட்களைத் திரும்ப முறுக்குங்கள். ஒரு மாதம் கழித்து, அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு, தகடு முடிகிற ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்.