மேட்டுக்கு ஓடச் சொன்ன கதை

கடலோர ஊர்களில் பேரிடர் பயிற்சி கொடுப்பது என் வேலை. அறிவிப்புப் பலகைகளைவிடப் பாட்டிமார் சொல்லும் கதைகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். காரணம், இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் சிமலுவே தீவு.

1907-இல் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த பேரலை அந்தத் தீவில் பலரைக் கொண்டுபோனது. அந்த அலையை அங்கே 'ஸ்மோங்' என்பார்கள். தப்பியவர்கள் நடந்ததைக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, அப்புறம் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. விஷயம் இவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 அன்று, அந்தத் தீவுக்குக் கிடைத்த அவகாசம் பத்து நிமிடம் போல. சைரன் கிடையாது. "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டே ஜனங்கள் மேடேறினார்கள். சுமார் 78,000 பேரில் அலைக்குப் பலியானவர்கள் 7 பேர் என்கின்றன பதிவுகள். அந்தத் தீவும் சேர்ந்த ஆச்சே மாகாணத்தில் மொத்தமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

நம் நீதிக்கதைகள் பெரும்பாலும் குணத்தைத் திருத்தப் பார்ப்பவை. பொய் சொல்லாதே, பேராசைப்படாதே. நல்லதுதான், ஆனால் ஸ்மோங் கதைக்கு அந்தக் கவலையே இல்லை. எதைக் கண்டால் எங்கே ஓடுவது என்பதை மட்டும் சொல்கிறது.

சரி, அதை அப்படியே நாகப்பட்டினத்தில் சொல்லலாமா? கூடாது. 2004-இல் நம் கரையில் நிலம் பலமாக ஆடவில்லை. லேசான அதிர்வைக்கூடப் பலர் உணரவில்லை. அலை வந்ததும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான். கடல் முதலில் உள்வாங்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. நம் பக்கமும் இலங்கையிலும் பல இடங்களில் முதலில் தண்ணீர் ஏறியது, பிறகுதான் கடல் பின்வாங்கியது. இலங்கையின் களுத்துறையில் கடல் வெகுதூரம் பின்வாங்கிக் கிடந்தது செயற்கைக்கோள் படத்திலேயே பதிவாகியிருக்கிறது. அப்படி வெறுமையாகக் கிடக்கும் தரையை வேடிக்கை பார்க்கத்தான் கால் இழுக்கும். அடுத்த அலை முதல் அலையைவிடப் பெரிதாக வரலாம், மணிக்கணக்கில் திரும்பத் திரும்பவும் வரலாம்.

ஆகவே, கதை சொல்லும் ஆச்சிகளிடம் இரண்டு விஷயங்களைச் சேர்க்கச் சொல்கிறேன். தண்ணீர் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் ஓடு. ஓடிய பிறகு, பாத்திரம் பண்டம் எடுக்க, அதிகாரிகள் சொல்லும்வரை திரும்பாதே. இன்னொன்று, நாகைக் கரையில் ஏறிக்கொள்ள மலை கிடையாது. புயல் பாதுகாப்பு மையமோ, உறுதியான மாடிக் கட்டடமோ, எது பக்கம் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவு செய்து, அதன் பெயரையே கதைக்குள் வைத்துவிட வேண்டும்.