கோபுரம் நிற்கிறது, குரல் போய்ச் சேர்கிறதா?

புதிய வயர்லெஸ் அமைப்பைத் தொடங்கிவைக்க விழா எடுப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து, அதே கோபுரத்தின் பேட்டரிகளை மாற்றப் பணம் கேட்டுப் பாருங்கள். ‘இப்போது நன்றாகத்தானே பேசுகிறது?’ என்ற குறிப்போடு கோப்பு திரும்பி வந்துவிடும். காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ரேடியோக்களைப் பராமரிக்கும் எங்களுக்கு மின்னலோடும் மழையோடும் இருக்கும் மல்லுக்கட்டு கொஞ்சம்தான். இந்தக் கேள்வியோடுதான் அதிகம்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்பவர்களும் உண்டு. பேரிடரில் ஊரே ஒரே நேரத்தில் போன் செய்தால் அந்த வலையமைப்பு திணறிவிடும். வயர்லெஸில் பொத்தானை அழுத்தி ஒருவர் பேசினால் குழுவில் உள்ள எல்லோருக்கும் அந்தக் கணமே கேட்கும்.

ஆனால் கேட்பது வேறு, கேட்கப்படுவது வேறு. அமெரிக்காவின் டெட்ராய்ட் காவல்துறை 1928இல் ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் தகவல் அனுப்பத் தொடங்கியபோது, காரில் இருந்தவர்களால் கேட்க மட்டுமே முடிந்தது. அந்தக் குறை இன்றும் வேறு வேடத்தில் இருக்கிறது. வரும் குரலை வாங்கி வலுவாக்கித் திரும்ப அனுப்பும் கருவியான கோபுரத்து ரிப்பீட்டர் 50 வாட்டில் பேசும் என்றால் கையில் இருக்கும் வாக்கி டாக்கி 5 வாட்டில் பேசும். கட்டடத்தின் அடித்தளத்தில் நிற்பவருக்குக் கட்டுப்பாட்டு அறையின் குரல் தெளிவாகக் கேட்கும், அவர் சொல்லும் பதில் மேலே வந்து சேராது. ரேடியோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு தோள் மைக்கில் பேசினால், அந்த 5 வாட்டிலும் ஒரு பங்கை உடம்பே விழுங்கிவிடும். ‘நன்றாகக் கேட்கிறது’ என்று மட்டும் எழுதியிருக்கும் சோதனை அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன்.

மீட்டரையும் அப்படியே நம்பிவிட முடியாது. கோபுர உச்சியில் கேபிளும் ஆண்டெனாவும் சேரும் கனெக்டரைச் சுற்றிய டேப் வெயிலில் வெடித்தால், மழைநீர் உள்ளே இறங்கிச் செம்பு பச்சை பூக்கும். ஆண்டெனாவில் பழுது என்றால், அனுப்பிய சக்தியில் ஒரு பகுதி திரும்பி வரும். கீழே உள்ள மீட்டர் அதைப் பார்த்துத்தான் பழுதைச் சொல்கிறது. நீர் புகுந்த கேபிளோ போகும் சக்தியையும் தின்னும், திரும்பும் சக்தியையும் தின்னும். திரும்பி வருவது குறைந்ததும் மீட்டர் எல்லாம் நலம் என்கிறது. மேலே ஆண்டெனா செத்துக் கிடந்தாலும் கீழே அளவு அழகாக இருக்கும்! கேபிள் வழியே போகும்போது எவ்வளவு சக்தி வீணாகிறது என்று கோபுரம் எழுந்த நாளில் எடுத்த கேபிள் இழப்பு அளவு கையில் இருந்தால்தான் உண்மை தெரியும். அன்றைக்கு இருந்ததைவிட 3 டெசிபல் கூடியிருந்தால், ஆண்டெனாவுக்குப் போன சக்தியில் பாதி வழியிலேயே போய்விட்டது என்று பொருள். அந்த முதல் நாள் தாள் எங்கே என்று கேட்டால், பல இடங்களில் ஆளாளுக்கு முகம் பார்ப்பார்கள்.

டிஜிட்டல் வந்த பிறகு இந்த நலிவு இன்னும் நன்றாக மறைகிறது. அனலாக்கில் இரைச்சல் ஏறினாலே சிக்னல் குறைகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். டிஜிட்டலில் ஏறக்குறைய கடைசிவரை தெளிவு, பிறகு திடீரென்று ஒன்றுமில்லை.

பேட்டரி விஷயம் எளிது. ஈய-அமில பேட்டரி இருக்கும் அறை 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூடேறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வோல்ட்டேஜைப் பார்த்து ‘சரி’ போடுவதில் பயனில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரிப்பீட்டரை அந்த பேட்டரியிலேயே சில மணி நேரம் ஓடவிட வேண்டும்.

கருவி சரியாக இருந்தும் கைவிட்டுப்போன கதை ஒன்று உண்டு. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் தீயணைப்புத் துறைக்காக ரிப்பீட்டர் ஒன்று நிறுவப்பட்டது. 2001 செப்டம்பர் 11 அன்று, வடக்குக் கோபுரத்தில் அதை முழுமையாக இயக்க வேண்டிய இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவில்லை. சோதித்த அதிகாரிகள் அது வேலை செய்யவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. பதற்றத்தில் யாருக்கும் நேரக்கூடியதுதான்.

அதனால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் நான் கேட்டு எழுதவைப்பது இரண்டு. புதிய உயரமான கட்டடம் எழும்போதெல்லாம் அதன் அடித்தளத்திலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் பேசிப் பார்க்க வேண்டும், கேட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை, முன்பே அறிவித்துவிட்டு, மாற்று ஏற்பாட்டோடு ஒரு ரிப்பீட்டரை அணைத்துவைத்து, ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு நேரடியாகப் பேசும் சேனலுக்கு எத்தனை பேர் தாமாக மாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதல் முறை செய்யும்போது பாதிப்பேர் அந்தச் சேனல் எது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் செல்போனில் கேட்பார்கள்.