எடை சரியாக இருக்கும் போலி: மார்கன் டாலர் வாங்குவோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயமான மார்கன் டாலரை மதிப்பீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் அநேகமாக அதை எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். 26.73 கிராம் இருக்கிறது, காந்தத்தில் ஒட்டவில்லை, பிறகென்ன என்று கேட்பார்கள். ஆனால், நாணயத்தை அடித்தது அமெரிக்க அரசு, வெள்ளியும் அசல், ஓர் எழுத்து மட்டும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்றால் தராசு என்ன செய்யும்?

1893-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்த மார்கன் டாலர்கள் ஒரு லட்சம்தான். அதே ஆண்டின் பிலடெல்பியா நாணயம் அதைவிட மலிவு. அதில் நாணயச்சாலையின் அடையாள எழுத்து இல்லை. பின்புறத்தில், மாலையின் முடிச்சுக்குக் கீழே, சான் பிரான்சிஸ்கோவின் அடையாளமான 'எஸ்' ஒன்றை ஒட்டிவிட்டால் விலை பல மடங்கு ஏறிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில், விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அசல் எழுத்து நாணயத்தின் பரப்பிலிருந்தே எழுந்து நிற்கும். ஒட்டியதன் அடியில் மயிரிழை போல ஒரு விளிம்பு தெரியும். சில நேரம் சுற்றிலும் நிறமும் மாறியிருக்கும்.

எனக்கு அதைவிட நம்பிக்கையான இடம் முன்புறம். 1893 'எஸ்' டாலர்கள் அனைத்துக்கும் முன்பக்க அச்சு ஒன்றே. அதனால் அவை எல்லாவற்றிலும், முன்புறப் பெண்ணுருவின் தலைப்பட்டையில் உள்ள 'லிபர்ட்டி' என்ற சொல்லின் 'டி' எழுத்து உச்சியில் மெல்லிய சாய்கோடு ஒன்று இருக்கும். மிகவும் தேய்ந்த நாணயத்தில் அது மங்கலாம். நல்ல நிலையில் உள்ள நாணயத்தில் அது இல்லையென்றால் நான் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதுகூட இல்லை.

1895 நாணயத்தில் போலிக்காரர்களின் வேலை தலைகீழ். பிலடெல்பியாவில் கண்ணாடி போல் மின்னும் சிறப்புப் பதிப்பு 880 மட்டுமே கணக்கில் உண்டு. ஆகவே நியூ ஆர்லியன்ஸின் 'ஓ' எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதை பிலடெல்பியா நாணயம் என்பார்கள். எழுத்து இருந்த இடம் கரடுமுரடாகவோ, தேவைக்கு மேல் வழவழப்பாகவோ இருக்கும்.

இன்னொன்று: வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவது போல நாணயத்தைத் திருநீறு போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போகும், கூடவே பாதி விலையும் போய்விடலாம்.

தரச்சான்று நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறதே என்று அசந்துவிடவும் கூடாது. உறைக்கும் போலி உண்டு. சான்று எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்கே படம் இருந்தால் கையிலுள்ள நாணயத்தின் கீறல்களோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.