‘நேரா உட்காரு’ என்றால் பல் நேராகுமா?

நிமிர்ந்து உட்கார்ந்து, பற்களை லேசாகத் தட்டிப் பாருங்கள். பிறகு அண்ணாந்து தட்டுங்கள். கடைவாய்ப் பற்கள் முதலில் மோதும். குனிந்து தட்டினால் முன்பற்கள் முந்திக்கொள்ளும். கீழ்த்தாடை, இரு மூட்டுகளிலும் தசைகளிலும் தொங்கும் ஊஞ்சல் போன்றது. வாய் மூடி ஓய்வாக இருக்கும்போதுகூட மேல், கீழ்ப் பற்களிடையே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி உண்டு. தலை அசைந்தால் கீழ்த்தாடையும் அசைகிறது.

நமக்கு இது நொடிநேர நகர்வு. வளரும் பிள்ளை நாளெல்லாம் அண்ணாந்தே இருந்தால்தான் சிக்கல். பல்லை நகர்த்துவது முறுக்கு கடிக்கும் பெரிய விசை அல்ல. நாக்கும் உதடும் கன்னமும் மணிக்கணக்கில் தரும் மெல்லிய அழுத்தம்.

பிள்ளை ஏன் அண்ணாந்தே இருக்கிறது? பல நேரங்களில் காரணம் மூக்கின் பின்னால் வீங்கிய அடினாய்டு சதை. 3 முதல் 7 வயதில் அது மூச்சுப்பாதையை அதிகம் அடைக்கும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தால் காற்று எளிதாக உள்ளே போகும். அப்போது முகத்தின், கழுத்தின் முன்பக்கத் தோலும் தசையும் இழுபட்டுத் தாடையைக் கீழும் பின்னுமாகத் தள்ளுகின்றன என்பது 1977இல் சோலோ, கிரைபோர்க் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த கருதுகோள். கூடவே நாக்கு அண்ணத்தை விட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. உள்ளிருந்து தாங்க ஆளில்லாததால் கன்னத்தின் அழுத்தத்தில் மேல்தாடை வளைவு குறுகும். மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்பக்கமாகக் கடிக்கும். வாய் திறந்தே இருப்பதால் பின்பற்கள் வழக்கத்தைவிட நீண்டு முளைத்து, முன்பற்களுக்கிடையே இடைவெளி விழுவதும் உண்டு.

வெளியிலிருந்து தாடையை அழுத்தினாலும் பல் மாறும். முதுகெலும்பு வளைவுக்கு 1940களில் வந்த மில்வாக்கி பட்டையின் மோவாய்த் தாங்கி, நாளில் பெரும்பகுதி அணிந்த சிறுவர்களின் பற்களையும் தாடையையும் கெடுத்தது. பிற்பாடு அந்தத் தாங்கியையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஆனாலும் பரம்பரையின் பங்கு பெரிது. கைபேசியைக் குனிந்து பார்ப்பதால் பல் கோணும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே கழுத்தைத் திருத்துவதில் முனைவதைவிட மூக்கைக் கவனியுங்கள். இரவில் பிள்ளை வாய் பிளந்து குறட்டை விடுகிறதா? பகலில் உதட்டை மூடி இரண்டு நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சுவிடச் சொன்னால் திணறுகிறதா? ஆம் என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், பிறகுதான் பல் சீரமைப்பு மருத்துவர். குறுகிய மேல்தாடையை விரிக்கும் கருவியின் திருகாணி, ஒரு சுற்றில் கால்பங்கு திருப்பினால் வழக்கமாக 0.25 மி.மீ. அகலும். அண்ணத்தின் இரு பாதி எலும்புகளும் சேரும் நடுப்பொருத்து இறுகுமுன், பருவ வயதுக்கு முன்பே செய்தால் எளிது. மூக்கடைப்பு நீங்காவிட்டால் நாக்கு மேலே ஏறாது. விரித்த வளைவு மெல்லக் குறுகத் தொடங்கிவிடும்.