திருப்பணிக்குக் கப்பலில் பொருள் வரவழைக்கும் ஆலயங்கள் கவனத்துக்கு

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்ட ஆலயங்களில் கும்பாபிஷேகத் தேதி குறித்தாயிற்று என்றால் அடுத்த போன் தமிழ்நாட்டுக்குத்தான். மாமல்லபுரத்தில் கருங்கல் மூலவர், சுவாமிமலையில் பஞ்சலோக உற்சவர், கும்பகோணத்தில் குத்துவிளக்கு, கூடவே பூசைச் சாமான்கள். சிலையின் அளவையும் முக லட்சணத்தையும் ஸ்தபதியிடம் மாதக்கணக்கில் பேசும் திருப்பணிக் குழுக்கள், அது எந்தப் பெட்டியில், யார் பெயரில், எந்தத் தாள்களோடு வரும் என்பதை மட்டும் "ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகின்றன. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு சிக்கினால், அதன் காரணம் பெரும்பாலும் சென்னையில் பெட்டிக்கு ஆணி அடித்தபோதே உள்ளே போயிருக்கும். தோட்டத்து மக்கள் சந்தாவாகக் கொடுத்த பணம் கிடங்கு வாடகையாகக் கரையக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கட்டணம். முழுக் கொள்கலனை நிரப்பாத சரக்கு எல்சிஎல் முறையில், பலருடைய பெட்டிகளோடு ஒரே கொள்கலனில் வரும். இதற்குச் சென்னையில் சொல்லும் கப்பல் கூலி சில சமயம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். அங்கே குறைத்த பணத்தை இங்கே கிள்ளானில் எடுத்துக்கொள்வார்கள். கையாளும் கட்டணம், கொள்கலனைப் பிரிக்கும் கட்டணம், டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க அனுமதிக்கும் தாள்), ஆவணக் கட்டணம் என்று பில் நீளும். பெட்டி அவர்கள் கிடங்கில் இருக்கும்போது பேரம் பேச வழியில்லை. ஆகவே விலை கேட்கும் அன்றே, கிள்ளானில் கட்ட வேண்டிய ஒவ்வொரு கட்டணத்தையும் ரிங்கிட்டில், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கும் ஏஜெண்டை விட்டுவிடுவது நல்லது. 'சிஐஎப் போர்ட் கிள்ளான்' என்று சொன்ன விலையில் துறைமுகம் வரையிலான கூலியும் காப்புறுதியும்தான் அடக்கம். இறக்குமதி வரி, சுங்க வேலை, ஐந்தாம் எண் சாலையில் உங்கள் ஊர் வரை வரும் லோரி எல்லாம் உங்கள் கணக்கு.

கடல் கூலியைக் கன மீட்டரிலும் டன்னிலும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குப் பில் போடுவார்கள். ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோ. 120 × 80 × 100 செ.மீ. பெட்டி 0.96 கன மீட்டர். அதற்குள் 1,400 கிலோ கருங்கல் இருந்தால் 1.4க்குத்தான் பில் வரும். விளக்குப் பெட்டிகளில் கணக்கு நேர்மாறு. 60 × 45 × 40 செ.மீ. அட்டைப்பெட்டி பத்து சேர்ந்தால் 1.08 கன மீட்டர். அவற்றையே 120 × 100 செ.மீ. பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டில்) மூன்று அடுக்காக வைத்தால், பேலட்டோடு உயரம் 134 செ.மீ. ஆகும். அளப்பது வெளி விளிம்பை என்பதால் 1.61 கன மீட்டருக்குக் கட்ட வேண்டும். ஸ்தபதி சொல்லும் சிலை அளவை வைத்துக் கூலி கேட்டால் வரும் பதில் பயன்படாது. பெட்டியின் வெளி அளவும் தராசு எடையும்தான் வேண்டும். அவசரத்துக்கு விமானத்தில் எடுப்பவர்கள் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.இல் பெருக்கி 6,000ஆல் வகுத்துப் பார்க்கவும். அதே விளக்குப் பெட்டியின் எடை 12 கிலோதான் என்றாலும் 18 கிலோவுக்குக் கூலி.

இனி பெட்டி. அதிக நஷ்டம் இங்கேதான். பெட்டிக்குப் பயன்படும் கட்டை மரம் ஐஎஸ்பிஎம் 15 என்ற அனைத்துலக விதிப்படி சூடேற்றப்பட்டிருக்க வேண்டும் (மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ், குறைந்தது 30 நிமிடம்), அல்லது அந்த விதி அனுமதிக்கும் வேறு முறையில் பூச்சி நீக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் படமும் நாட்டுக் குறியும் கொண்ட முத்திரை பெட்டியிலேயே பதிந்திருக்கும். தாளில் சான்றிதழ் இருந்து மரத்தில் முத்திரை இல்லாவிட்டால் செல்லாது. பட்டறைக்குப் பக்கத்து மரக்கடையில் வாங்கிய பலகையில் அடித்த பெட்டி, தாவர நோய்த் தடுப்பை இங்கே கவனிக்கும் அதிகாரிகளின் சோதனையில் நிறுத்தப்படலாம். மருந்தடிப்பு, திருப்பியனுப்புதல், அழித்தல் என எது முடிவானாலும் செலவு உங்களுடையது. ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு அடியில் வைக்கும் கட்டைக்கு உண்டு. அதை மறந்துவிடுகிறார்கள். சிலையைச் சுற்றி வைக்கோல் திணிக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். வைக்கோலும் தாவரப் பொருள்தான். பூச்சியும் ஈரமும் அதில் சேர்ந்தே வரும்.

கருங்கல் கனமான பொருள் என்றாலும் மூக்கு, விரல், ஆயுதம், திருவாசி எல்லாம் எளிதில் உடைபவை. பாரம் பீடத்தில் மட்டும் தாங்க வேண்டும். பீடத்தை நான்கு பக்கமும் கட்டையால் நெருக்கி அடித்து, மேல்பாகத்துக்கு அடர்த்தியான நுரைத்துண்டு வைத்து, நீட்டிய பாகங்கள் எதையும் தொடாமல் விட வேண்டும். பலகைக்கும் கைக்கும் இடையே நாலு விரற்கடை இடைவெளி போதும். அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய 10 செ.மீ. இடம் இல்லாவிட்டால் பெட்டியைச் சாய்த்துத்தான் நகர்த்துவார்கள். உடைவது அப்போதுதான். பித்தளைக்கு வேறு ஆபத்து. வெயிலில் சூடான கொள்கலன் இரவில் குளிரும்போது கூரையில் நீர் கோத்துச் சொட்டும். விளக்கைப் பிளாஸ்டிக் உறையில் ஈரம் உறிஞ்சும் பையோடு கட்டாவிட்டால் பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.

இடம் இருக்கிறதே என்று பூசைச் சாமானை இடுக்கில் செருகுவது பெரிய தவறு. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்; ஐநா எண் 2717, வகுப்பு 4.1 என்று அறிவித்து, அதற்குரிய தாள்களோடுதான் ஏற்ற வேண்டும். சொல்லாமல் வைத்து அகப்பட்டால் அந்தக் கொள்கலனில் இருக்கும் மற்றவர் சரக்கும் சேர்ந்து நிற்கும். தீப்பிடித்தாலோ, கப்பலில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. கற்பூரத்தை உள்ளூர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம். காவடிக்கு மயிற்பீலி கேட்பவர்களும் உண்டு. இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்திருக்கிறது. தர்ப்பை, சமித்து, விதை வகைகளுக்கு இங்கே முன்அனுமதி தேவைப்படும். பட்டியலில் 'பூசைப் பொருட்கள்' என்று ஒரே வரியில் எழுதினால் முழுப் பெட்டியையும் பிரித்துப் பார்ப்பார்கள். சுங்கக் குறியீடு பொருளுக்குப் பொருள் வேறுபடும். செதுக்கிய கல் 6802இல் வரும், உலோகச் சிலை 8306இல், ஊதுபத்தி 3307.41இல்.

சிலைக்கென்றே ஒரு தாள் உண்டு. 100 ஆண்டு கடந்த சிலைகளைத் தனியார் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் சிலை புதிதுதான் என்பதற்கு இந்தியத் தொல்லியல் துறையின் சான்று பெற வேண்டும். படத்தோடு விண்ணப்பித்து, சிலையைக் காட்டிப் பெறுவது அது. பெட்டியை மூடிவிட்டு விண்ணப்பித்தால் மறுபடியும் திறக்க வேண்டிவரும். ஸ்தபதிக்குக் கொடுக்கும் கடைசித் தவணையை இந்தச் சான்றின் நகல் வந்த பிறகே அனுப்புங்கள்.

சரக்குப் பட்டியலில் 'நன்கொடை, விலை இல்லை' என்று எழுதச் சொல்லும் குழுக்கள் உண்டு. சுங்கத்துறை பொருளுக்குத் தானே மதிப்புப் போடும்; சிலை உடைந்தால் காப்புறுதி கேட்கவும் ஆதாரம் இராது. உண்மை விலையை எழுதி, மலேசிய இந்தியப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி வரிச் சலுகை இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். அதற்கான பிறப்பிடச் சான்றை அனுப்புபவர் அங்கே எடுத்து, கே1 பாரம் (இறக்குமதிச் சுங்க அறிவிப்பு) பதிவாகும் முன்பே நகல் அனுப்ப வேண்டும்.

பெறுபவர் பெயரில் கூடுதல் கவனம் தேவை. நம் வட்டாரத்தில் எத்தனை தோட்டம், எத்தனை ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம்! சங்கப் பதிவிலாகாவில் பதிந்த முழுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றும் எழுத்துப் பிசகாமல் கப்பல் ரசீதில் (பில் ஆஃப் லேடிங்) வர வேண்டும். தலைவரின் சொந்தப் பெயரைப் போடாதீர்கள். நிர்வாகத் தேர்தலில் ஆள் மாறினால் சரக்கை எடுப்பது பெரும்பாடு. கப்பல் கிளம்பும் முன் ரசீதின் நகல் வரைவு வரும். அப்போது திருத்துவது சுலபம். கிளம்பிய பிறகு கட்டணமும் காத்திருப்பும் சேரும். மூல ரசீது தபாலில் வருமா, அங்கேயே ஒப்படைத்துவிட்டு டெலெக்ஸ் முறையில், அதாவது மூல ரசீதை இங்கே காட்டாமலே, சரக்கை விடுவிப்பார்களா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

சிஐஎப் விலையில் கட்டாயமாகச் சேரும் காப்புறுதி 'சி' வகை. கப்பல் மூழ்குவது, தீ, மோதல் போன்றவற்றுக்கு அது போதும். ஃபோர்க்லிஃப்டில் இடித்து உடைந்த கைக்கு ஈடு தராது. விலையின் 110 விழுக்காட்டுக்கு 'ஏ' வகை எடுக்கச் சொல்லுங்கள். அதிலும் மோசமாகப் பெட்டி அடித்ததால் வந்த சேதத்துக்கும் தாமதத்துக்கும் பணம் கிடையாது.

சென்னையிலிருந்து கடல் ஓட்டம் ஒரு வாரம் போலத்தான். கொள்கலன் நிரம்பக் காத்திருப்பது, ஐப்பசி கார்த்திகைப் புயல், இங்கே பெருநாள் விடுமுறையில் லோரி கிடைக்காதது என நாட்கள் போவது அதைச் சுற்றித்தான். சிலையை ஜலவாசம், தானியவாசத்தில் வைக்கவும் நாள் வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு ஒரு மாதம் முன்பே பெட்டி ஆலயத்தில் இருக்கும்படியும், பட்டறையிலிருந்து இரண்டரை மாதம் முன்பே கிளம்பும்படியும் கணக்கு வைப்பது எங்கள் ஆலோசனை.

இறக்குமிடத்தை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். 1,400 கிலோ பெட்டியை இளைஞர்கள் கூடித் தூக்குவது எலும்பு முறிவில் முடியும். கிரேன் பொருத்திய லோரியையே கேட்டு வாங்குங்கள். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தாழ்ந்த மின்கம்பி, மழையில் இளகிய ஓரம், சிறு பாலத்தின் எடை வரம்பு ஆகியவற்றை ஓட்டுநருக்குச் சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் பெட்டியின் ஆறு பக்கமும் படம் எடுத்து, பலகை உடைந்திருந்தால் லோரிக்காரரின் தாளிலேயே எழுதுங்கள். வெளியே தெரியாத சேதம் என்றால் மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்துத் திறக்கலாம் என்று பெட்டியை ஒரு வாரம் மூடி வைத்தால் அந்தக் கெடு போய்விடும். மேல் பலகையை மட்டும் அன்றே கழற்றிப் பாருங்கள். சேதம் தெரிந்தால், காப்புறுதி மதிப்பீட்டாளர் வரும்வரை சிலையையும் நுரையையும் பெட்டி மரத்தையும் அப்படியே வைத்திருங்கள்.