கூரையில் விளையும் மின்சாரம்: நிகர மின் அளவீட்டிலிருந்து சோலார் அத்தாப் வரை

பட்டர்வொர்த், பிறை வட்டாரத்து டெரஸ் வீடுகள் பலவற்றில் பகலில் ஆளிருப்பதில்லை. சூரியத் தகடுகள் மின்சாரம் தருவதோ பகலில்தான். அப்போது மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியமான தெனாகா நேஷனலின் கம்பிக்கு அனுப்பி, இரவில் அங்கிருந்து எடுப்பதோடு கணக்கு நேர்செய்யும் ஏற்பாடே நிகர மின் அளவீடு. வீட்டுக்குள் வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியே பதியும் இருவழி மீட்டர் இதற்காகப் பொருத்தப்படுகிறது.

தீபகற்ப மலேசியாவில் 2016 நவம்பரில் இத்திட்டம் தொடங்கியது. 2019 முதல், அனுப்பிய ஒரு யூனிட்டுக்கு எடுத்த ஒரு யூனிட் என்ற முறை வந்தது. 2021இல் வீடுகளுக்கென அறிமுகமான நெம் ராக்யாட் என்ற நிகர மின் அளவீட்டுத் திட்டம் அதே முறையைப் பத்து ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. அதில் மிஞ்சிய வரவை அடுத்தடுத்த மாதங்களுக்குக் கொண்டுசெல்லலாம். ரொக்கமாகப் பெற முடியாது. 2025 ஜூன் 30உடன் புதிய விண்ணப்பங்கள் நின்றுவிட்டாலும், ஏற்கெனவே சேர்ந்தவர்களின் ஒப்பந்தம் அதன் காலம் முடியும்வரை நீடிக்கும்.

2026 ஜனவரி முதல் புதியவர்களுக்கு உள்ளது சோலார் அத்தாப் என்ற திட்டம். தோட்டத்து அத்தாப்பு ஓலைக் கூரையை அறிந்த நமக்கு இந்தப் பெயர் அந்நியமன்று. ஆனால் கணக்கு மாறிவிட்டது என்பதைப் பணம் போடுமுன் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டணப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடு ஒவ்வொரு யூனிட்டுக்கும் எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென், ஆக மொத்தம் 44.43 சென் செலுத்துகிறது. அத்தாப் திட்டத்தில் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டுமே, அதாவது 27.03 சென் மட்டுமே, வரவாகும். அந்த வரவும் அந்த மாதத்துப் பில்லோடு முடிந்துவிடும். மிஞ்சியது அடுத்த மாதத்துக்குப் போகாது.

ஒரு வீடு மாதத்தில் 250 யூனிட் அனுப்பி, 350 யூனிட் எடுப்பதாகக் கொள்வோம். மற்றக் கழிவுகளையும் சரிக்கட்டல்களையும் சேர்க்காமல் பார்த்தால், எடுத்ததற்கு ஏறத்தாழ 155.50 ரிங்கிட் ஆகும்; அனுப்பியதற்கு 67.58 ரிங்கிட் கழியும். அதே வீட்டினர் துணி துவைப்பதையும் தண்ணீர் சூடாக்குவதையும் பகலுக்கு மாற்றி, அனுப்புவதிலும் எடுப்பதிலும் தலா 100 யூனிட்டைக் குறைத்தால், மேலும் 17.40 ரிங்கிட் மிச்சமாகும். ஆகவே பகலில் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இத்திட்டம் கூடுதலாகப் பயன்படும் என்பதே என் கருத்து. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, கூரை கொள்ளும் அளவுக்குத் தகடு போடச் சொல்லும் விற்பனையாளரின் பேச்சை நம்பிவிடாதீர்கள். கடந்த 12 மாதப் பில்களை முன்வைத்து, பகல் பயன்பாட்டுக்கு ஏற்ற அளவைக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் நிறுவனம் நிலைபெறு எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடாவில் பதிவு பெற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக, மின்தடையின்போது தானாகவே நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் அப்போது வீட்டில் மின்சாரம் இராது.